புட்டியின் மேல் ஒரு முகவரி: பர்கண்டியில் ஆறு நாள்

நாள் 1: டிஷோன்

பர்கண்டி, பிரான்சின் ஒயின் வட்டாரம். பாரிஸ் கார் த லியோன் நிலையத்தில் டிஜிவி என்ற அதிவேக ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்; டிஷோன் வந்துவிடும். ஒயினுக்காக வருபவர்களில் பலர் இங்கே இறங்குவதில்லை. நேரே போன் நகருக்குப் போய்விடுகிறார்கள். (போன் என்பது ஊர்ப் பெயர். கட்டுரை முழுக்க அப்படித்தான். தொலைபேசியை நினைத்துக் குழம்ப வேண்டாம்.) ஆனால் வடக்கிலிருந்து தெற்கே இறங்கிப் போனால்தான் இந்த நிலம் வரிசையாகப் புரியும். அதனால் முதல் இரவுக்கு டிஷோன்.

ஊர் பார்க்க அரை நாள் போதும். நோத்ர்தாம் தேவாலயத்தின் பக்கச் சுவரில் ஒரு சிறிய கல் ஆந்தை இருக்கிறது. இடது கையால் தடவினால் நினைத்தது நடக்கும் என்பது ஊர் நம்பிக்கை. தடவித் தடவி ஆந்தைக்கு முகமே இல்லை. கடுகு வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘டிஷோன் கடுகு’ என்பது செய்முறையின் பெயர், ஊரின் பெயர் அல்ல. எங்கே வேண்டுமானாலும் செய்யலாம். விதை பெரும்பாலும் கனடாவிலிருந்து வருகிறது. 2021-இல் அங்கே வறட்சி வந்ததால்தான் 2022-இல் பிரான்சின் கடைகளில் கடுகு அடுக்கு காலியாகக் கிடந்தது. உள்ளூர் விதையும் உள்ளூர் வெள்ளை ஒயினும் சேர்ந்தது வேண்டுமென்றால் ‘மூத்தார்த் த பூர்கோஞ்’ (பர்கண்டிக் கடுகு) என்று எழுதியதைப் பார்த்து எடுக்க வேண்டும்.

மாலையில் கீர். 1945 முதல் 1968 வரை இந்த ஊர் மேயராக இருந்த பாதிரியார் பெலிக்ஸ் கீர், வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் கொடுத்த பானம். அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. ஒரு பங்கு காசிஸ், அதாவது கருந்திராட்சை வற்றல் நிறத்தில் இருக்கும் ஒரு புதர்ப்பழத்தின் மதுச்சாறு. அதன் மேல் நாலைந்து பங்கு குளிர்ந்த அலிகொத்தே ஒயின். அலிகொத்தே நல்ல புளிப்புள்ள வெள்ளைத் திராட்சை. இனிப்பைத் தாங்க அந்தப் புளிப்பு வேண்டும். ஷார்டனேயில் கலந்தால் பானகம் போலத் தித்திக்கும்.

படுக்கும் முன் ஒரு பாடம் மட்டும். பர்கண்டியில் நல்ல சிவப்பு எல்லாம் அநேகமாகப் பினோ நுவார். நல்ல வெள்ளை எல்லாம் அநேகமாக ஷார்டனே. அதனால் புட்டியில் திராட்சையின் பெயரைப் பெரிதாகப் போட மாட்டார்கள். போடுவது இடத்தின் பெயரை. அடிப்படி ‘பூர்கோஞ்’: வட்டாரப் பெயர் மட்டும். அதற்கு மேல் கிராமப் பெயர். அதற்கு மேல் கிராமப் பெயரோடு குறிப்பிட்ட வயலின் பெயர், ‘ப்ரெமியே க்ரூ’ என்ற சொல்லோடு. உச்சியில் ‘கிரான் க்ரூ’: கிராமப் பெயர்கூட இருக்காது, வயலின் பெயர் மட்டும். மொத்த விளைச்சலில் இந்த உச்சிப்படி சுமார் 1 சதவீதம். ஆக, லேபிள் என்பது முகவரி. அதை நடந்து பார்த்துப் படிப்பதுதான் அடுத்த நாள்களின் வேலை.

நாள் 2: ஜெவ்ரேயிலிருந்து நுயி வரை, கால்நடையாக

டெர் என்ற உள்ளூர் ரயிலில் தெற்கே பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஜெவ்ரே-ஷாம்பெர்த்தான். அங்கிருந்து நுயி-சேன்-ஜோர்ஜ் வரை, கொடிகளுக்கு நடுவே, சுமார் 12 கிலோமீட்டர். நுயியிலும் ரயில் நிற்கிறது. திரும்பும் கவலை இல்லை. வழியில் சாப்பாட்டுக் கடைகள் குறைவு. இருப்பவையும் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான் அடுப்பை எரியவிடும். ரொட்டியும் சீஸும் பையில் இருக்கட்டும்.

நிலையத்தில் இறங்கியதும் மேற்கே பார்த்து நடக்க வேண்டும். இந்த முதல் இருபது நிமிடத்தில்தான் பர்கண்டியின் முழு அந்தஸ்து வரிசையும் காலடியில் ஏறுகிறது. ரயில் பாதையை ஒட்டிய சமதளத்தில் பெரும்பாலும் வட்டார ஒயின். நெடுஞ்சாலையைக் கடந்து நிலம் லேசாக எழும்பத் தொடங்கும் இடத்தில் கிராம ஒயின். சரிவின் இடுப்பில் ப்ரெமியே க்ரூவும் கிரான் க்ரூவும். உச்சியில் காடு. காரணம் மண்தான். கீழே மழை அரித்துக் கொண்டுவந்து சேர்த்த ஆழமான களிமண். தண்ணீர் தேங்கும், இலை செழிக்கும், பழம் நீர்த்துப்போகும். வசந்தகாலத்துப் பனியும் தண்ணீரைப் போலவே கீழே இறங்கித் தேங்கும். உச்சியில் மண்ணே இல்லை, சுண்ணாம்புப் பாறையும் குளிர்காற்றும். நடுவில் மெல்லிய களிமண், அதற்கடியில் வெடித்த சுண்ணாம்புக்கல். மழைநீர் வடியும், ஆனால் வேர் உள்ளே போய்த் தேவையானதை எடுத்துக்கொள்ளும். சரிவு கிழக்கு பார்த்தது. காலை வெயில் முதலில் இங்கேதான் விழுகிறது. வளர்ந்த கொடிக்கு நீர் பாய்ச்சுவது இங்கே விதிப்படி கூடாது. ஆகவே மண் செய்ததுதான் செய்தது.

இப்படிப் பிரித்துப் பெயரிட்ட வயல் ஒவ்வொன்றுக்கும் ‘க்ளிமா’ என்று பேர். இந்தச் சரிவில் மட்டும் 1,247 க்ளிமாக்கள். 2015-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறின. பெயர்களைக் கேட்டு மிரள வேண்டாம். நம் ஊரில் ஓடைக்காடு, பாறைக்காடு, கிணத்துமேடு என்று வயலை அழைப்பதில்லையா, அதேதான். ‘பெரியேர்’ என்றால் கல்வெட்டி எடுத்த குழி. ‘ஷார்ம்’ ஒரு மரத்தின் பெயர். பரப்பளவைக்கூட இன்றும் ‘ஊவ்ரே’ கணக்கில் பேசுகிறார்கள்: ஒரு ஆள் ஒரு நாளில் கொத்தி முடிக்கும் நிலம், 4.28 ஏர், அதாவது 428 சதுர மீட்டர்.

ஜெவ்ரேயின் ஷாம்பெர்த்தான் வயலுக்கு இருந்த பேரைப் பார்த்து, 1847-இல் ஜெவ்ரே கிராமம் அந்தப் பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. மற்ற கிராமங்களும் பின்னாலேயே செய்தன. வாங்குபவர் ஏமாறும் முதல் இடம் இது. ‘ஷாம்பெர்த்தான்’ என்று மட்டும் இருந்தால் கிரான் க்ரூ. ‘ஜெவ்ரே-ஷாம்பெர்த்தான்’ என்றால் கிராம ஒயின். லேபிளில் பெயர் நீளமாக இருப்பதால் தரம் கூடிவிடாது. உச்சியில் பெயர் சுருங்கும்.

கொடிகளுக்கு இடையே ஒரு மீட்டர், வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர். ஹெக்டேருக்குப் பத்தாயிரம் கொடி வரை. கம்பிகளில் ஓட்டம், பந்தல் கிடையாது. கவாத்தில் ஒரு நீளக் கிளையும், மறு ஆண்டுக்கு ஒரு குட்டைக் கிளையும் மட்டும் விடுவார்கள். கிரான் க்ரூ சிவப்புக்கு ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டர் (3,500 லிட்டர்) அளவில் உச்சவரம்பு என்று வைத்துக்கொண்டால், இரண்டு கொடிக்கு ஒரு புட்டி. வரிசைகளுக்கு நடுவே டிராக்டர் நுழைய இடமில்லை. அதனால் கொடிகளுக்கு மேலே கால் அகட்டி நிற்கும், நெட்டைக் கால் டிராக்டர்.

மதியத்துக்கு மேல் க்ளோ த வூஜோ. ‘க்ளோ’ என்றால் மதில் சூழ்ந்த தோட்டம். 1098-இல் தொடங்கிய சீத்தோ மடத்துத் துறவிகள் 12-ஆம் நூற்றாண்டிலிருந்து துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டிய, ஏறத்தாழ 50 ஹெக்டேர் தோட்டம். பிரெஞ்சுப் புரட்சியில் மடத்துச் சொத்து பறிமுதலானது. 1889 வரை ஒரே கையில் இருந்தது, பிறகு உடைந்தது. பிள்ளைகளுக்குச் சமபங்கு என்ற நெப்போலியன் காலத்துச் சட்டம் மீதியைச் செய்தது. இன்று எண்பதுக்கும் மேற்பட்ட சொந்தக்காரர்கள். தோட்டத்து அரண்மனைக்குள் இருக்கும் நான்கு பழைய மர அழுத்திகளைத் தவறவிடக் கூடாது. அடிமரத்தையே நெம்புகோலாக வைத்தவை.

மதிலுக்குள் முழுவதும் கிரான் க்ரூ என்பது சட்டம். ஆனால் மேற்கு மூலையில் நின்று காலால் மண்ணைத் தள்ளிப் பாருங்கள்: கல், நல்ல வடிகால். அங்கிருந்து நெடுஞ்சாலை ஓரம் வரை இறங்கி அதேபோல் பாருங்கள்: ஈரக் களிமண், பூட்ஸில் அப்பிக்கொள்ளும். காலையில் ஜெவ்ரேயில் கிராம ஒயினாக இருந்த மண் மாதிரிதான் இதுவும். லேபிளில் இரண்டும் ஒன்றே. ஐந்து ஊவ்ரே வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு மூன்று பீப்பாய் கிடைக்கும். அவர் நிலம் மேலேயா கீழேயா என்று புட்டி சொல்லாது. முகவரி சரிதான், வீட்டில் யார் இருக்கிறார் என்பதையும் கேட்க வேண்டும். பர்கண்டியில் வயலின் பெயருக்கு முன்னால் தயாரிப்பாளரின் பெயரைப் படியுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் இந்த மதிலுக்குள் இருக்கிறது.

அடுத்த கிராமம் வோன்-ரொமானே. ஒரு கல் சிலுவை, இடுப்பளவு மதில், உள்ளே 1.81 ஹெக்டேர்: ரொமானே-கோன்தி. 1760-இல் கோன்தி இளவரசர் வாங்கியதால் அந்தப் பெயர். தாலாட்டி வைத்திருந்த ஒட்டுப்போடாத பழைய கொடிகளை 1945-இல் பிடுங்கவேண்டி வந்தது. அதன்பின் 1952 வரை இந்த வயலின் பெயரில் ஒயினே இல்லை. உள்ளே இறங்க வேண்டாம் என்று பலகை கேட்டுக்கொள்கிறது. வெளியே நின்றால் போதும், பார்க்க அதிகம் ஒன்றுமில்லை. பக்கத்து வயலுக்கும் இதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது என்பதே இங்கே பார்க்க வேண்டியது.

நாள் 3: நுயி, நிலவறைக்குள்

அக்டோபர் நடுப்பகுதி வர உகந்த காலம். அறுவடை முடிந்து, இலைகள் மஞ்சளாகி, வேலை செய்பவர்களுக்குப் பேச நேரம் இருக்கும். அறுவடை வாரங்களில் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். சிறு தொமேன்களுக்கு (சொந்தத் தோட்டத்துப் பழத்தில் ஒயின் செய்பவர்கள்) இரண்டு மூன்று வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும். சுவைக்கக் காசு வாங்காத இடத்தில் ஒன்றிரண்டு புட்டி வாங்குவது மரியாதை. நான்கு பேருக்கு மேல் போவது மரியாதை இல்லை.

பினோ நுவார் தோல் மெல்லியது. நிறமும் துவர்ப்பும் அதில் குறைவு; கொத்து நெருக்கமானது என்பதால் ஒரு பழம் அழுகினால் பக்கத்துப் பழத்துக்குத் தொற்றும். அதனால் முதல் வேலை, நகரும் பட்டையின் இருபுறமும் நின்று பொறுக்குவது. பிறகு ஒரு முடிவு: காம்பை நீக்குவதா, கொத்தோடு போடுவதா? காம்பு பழுத்திருந்தால் வாசனையும் புத்துணர்ச்சியும் தரும். பச்சையாக இருந்தால் ஒயின் காய்ந்த தழையாக மணக்கும். ஆண்டுக்கு ஆண்டு முடிவு மாறும்.

தொட்டியில் நான்கைந்து நாள் 10 முதல் 15 டிகிரிக்குள் குளிர வைத்திருப்பார்கள். ஆல்கஹால் பிறக்கும் முன்பே தண்ணீரில் நிறம் இறங்கும். பின் சூடேறும், ஈஸ்ட் எழும். லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை ஒரு பாகை ஆல்கஹாலாக மாறும் என்பது கணக்கு. எழும் வாயு தோல்களை மேலே தள்ளி ஒரு மூடி மாதிரி திரளச் செய்யும். அதை நாளுக்கு ஒன்றிரண்டு முறை அமுக்கி முக்க வேண்டும், இதுதான் ‘பிழாஜ்’. அமுக்காமல் விட்டால் மேல்பக்கம் காய்ந்து, அசிட்டிக் பாக்டீரியா குடியேறி, வினிகர் வாடை தொடங்கும். அதிகம் அமுக்கினால் விதையின் கசப்பு இறங்கும். பினோவில் அதை மறைக்க வேறொன்றும் இல்லை. வெப்பம் அளவு மீறி ஏறினால் ஈஸ்ட் பாதியிலேயே செத்துச் சர்க்கரை மிஞ்சும். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தொட்டிக்குள் தேங்கும். உள்ளே இறங்கியவர்கள் மூச்சடைத்து இறந்தது உண்டு. நொதிக்கும் தொட்டிக்குள் ஆள் இறங்கக் கூடாது.

இரண்டு மூன்று வாரத்தில் வடித்து, மிச்சத்தைப் பிழிந்து, 228 லிட்டர் பீப்பாயில். இங்கே அதற்குப் ‘பியெஸ்’ என்று பேர். ஒரு பியெஸுக்குச் சுமார் 300 கிலோ பழம். 300 புட்டி வரும். நாங்கள் இன்று இருந்த நிலவறையில் பீப்பாய்ச் சிறு துளையில் காதை வைத்தால் மெல்லிய சீறல் கேட்டது. இரண்டாம் நொதிப்பு: ஆப்பிளின் கூரான புளிப்பைப் பாக்டீரியா தயிரின் மென்மையான புளிப்பாக மாற்றுகிறது. நிலவறை குளிர்ந்தால் நின்றுவிடும், வசந்தத்தில் மறுபடி தொடங்கும். அது முடியாமல் புட்டியில் அடைத்தால் புட்டிக்குள்ளேயே வாயு எழும்.

மரம் மூச்சு விடும். ஒயின் மட்டம் இறங்கும். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே ஒயினால் விளிம்புவரை நிரப்ப வேண்டும். மறந்த பீப்பாய் காற்றுப்பட்டுக் கெடும். பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் இப்படி. புதுப் பீப்பாய் வனிலாவும் பொசுங்கல் வாசமும் தரும். எல்லாம் புதுசு என்று பெருமையாகச் சொல்லும் இடத்தில் மண்ணைத் தேட வேண்டாம், தச்சன்தான் கிடைப்பான்.

சுவைக்கும்போது துப்புவது அவமரியாதை அல்ல. அதற்கென்றே தொட்டி உண்டு, சில நிலவறைகளில் தரைச் சரளைக்கே துப்புவார்கள். இங்கே பலர் சிவப்பை முதலிலும் வெள்ளையை அடுத்தும் ஊற்றுகிறார்கள். வெள்ளையின் புளிப்புக்குப் பின் பினோ மெலிந்து தெரியும் என்பதால். வண்டி ஓட்டுபவர் ரத்தத்தில் ஆல்கஹால் லிட்டருக்கு 0.5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். மிதிவண்டியும் இந்தச் சட்டத்தில் வண்டிதான்.

நாள் 4: போன்

முதலில் ஓதெல்-தியு: பர்கண்டிப் பிரபுவின் தலைமை அமைச்சர் நிக்கோலா ரொலான், மனைவி கீகோன் த சலானோடு சேர்ந்து 1443-இல் நிறுவிய ஏழைகள் மருத்துவமனை. 1452 ஜனவரி 1 முதல் நோயாளிகள். 1971 வரை மருத்துவமனையாகவே ஓடியது. வண்ண ஓட்டுக் கூரையைப் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டாம். தரைக் கற்களில் இருவர் பெயரின் முதலெழுத்துகளும், அருகே ‘செல்’ என்ற சொல்லும் ஒரு நட்சத்திரமும். ‘இவள் ஒருத்திதான்’ என்று பொருள். உள்ளறையில் ரொகீர் வான் டெர் வைடன் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியம். நோயாளிகளுக்கு மருந்தாகவும் எச்சரிக்கையாகவும் வைத்தது.

1457 முதல் பக்தர்கள் கொடித் தோட்டங்களை எழுதிவைத்தார்கள். இன்று மருத்துவமனைக்குச் சுமார் 60 ஹெக்டேர். அந்த ஒயினை 1859 முதல் ஏலம் விடுகிறார்கள். நவம்பர் மூன்றாம் ஞாயிறு. விற்பது புட்டி அல்ல, அறுவடையாகி சில வாரமே ஆன பீப்பாய். வாங்கியவர் உள்ளூர் வணிகர் ஒருவரிடம் ஒப்படைத்து வளர்க்கச் சொல்ல வேண்டும். அதனால் ஒரே பெயரில் வந்த இரண்டு புட்டி வெவ்வேறு கைகளில் வளர்ந்து வெவ்வேறாகச் சுவைக்கும். லேபிளின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் வணிகரின் பெயரைப் பார்த்து வாங்குங்கள். ஏல வாரத்தில் அறை கிடைப்பது கடினம், விலையும் இரட்டிப்பாகும்.

சாப்பாட்டில் ஒயின் குழம்பில் வேகவைத்த முட்டை, ‘எஃப் ஆன் மெரெத்’, போனில் சாப்பிட வேண்டியது. நத்தை பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருவது. பெயர் மட்டும் பர்கண்டி. முட்டை சாப்பிடும் சைவர்களுக்கு ‘கூழேர்’, சீஸ் சேர்த்துச் சுட்டு உப்பவைத்த மாவு உருண்டை. எப்வாஸ் சீஸை வாசனை பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம்; வாங்கினால் ஹோட்டல் அறையில் வைக்க வேண்டாம்.

நாள் 5: மெர்சோ, பூலிஞி

போனில் மிதிவண்டி வாடகைக்கு எடுத்தால், தெற்கே சான்தனே வரை 22 கிலோமீட்டர் பாதை கொடிகளுக்கு நடுவே. பொமாரும் வொல்னேயும் சிவப்பு மட்டும். மெர்சோவில் கிட்டத்தட்ட எல்லாம் வெள்ளை. சில நூறு மீட்டரில் மாற்றம். பொமார் களிமண் கனம், ஒயினும் முரட்டுத்தனம். வொல்னே மெல்லிய மண், ஒயினும் மெல்லிசு.

பூலிஞிக்கு மேலே ஒரு தடம். ஒரு பக்கம் மேட்டில் ஷெவாலியே-மொன்ராஷே, நடுவில் மொன்ராஷே, பாதைக்குக் கீழே பத்தார்-மொன்ராஷே. நடுவயல் வெறும் 8 ஹெக்டேர், பூலிஞிக்கும் பக்கத்துக் கிராமமான ஷாசாஞிக்கும் பாதிப் பாதி. மூன்றும் கிரான் க்ரூ, மூன்றும் ஷார்டனே. மேலது கூர்மை, கீழது கனம், நடுவில் இரண்டும். இரண்டாம் நாள் ஜெவ்ரேயில் நடந்த பாடம் இங்கே ஐந்து நிமிட நடையில் முடிகிறது. சொல்லும்போது ‘மோன்ட்ராஷே’ அல்ல. நடு ‘ட்’ ஒலிக்காது.

வெள்ளைக்குக் கொத்தாக மெல்லப் பிழிந்து, ஓரிரவு கசடு அடங்கவிட்டு, பீப்பாயிலேயே நொதிக்க வைக்கிறார்கள். அடிக்கசடைக் கோலால் கலக்கிவிட்டால் ஒயினில் வெண்ணெய்த் தன்மை கூடும். 1990-களின் நடுவிலிருந்து இதில் ஒரு தொல்லை: பத்தாண்டு தாங்க வேண்டிய புட்டி, ஐந்தாறு ஆண்டில் தேன் நிறமாகி ஆப்பிள் அழுகல் வாசத்தோடு திறக்கிறது. தக்கையின் தரம், கந்தகம் குறைத்தது, கலக்கல் கூடியது என்று பல காரணம் சொல்கிறார்கள். ஒரே காரணம் என்று எதையும் கைகாட்ட முடியவில்லை. விலை உயர்ந்த வெள்ளையை அதிக நாள் பூட்டி வைப்பதில் துணிச்சல் காட்ட வேண்டாம். குடிக்கும் வெப்பம் 12 முதல் 14 டிகிரி. குளிர்பெட்டியிலிருந்து நேராக எடுத்தால் மொன்ராஷேயும் தண்ணீர்தான்.

நாள் 6: ஷாப்ளி

போனிலிருந்து நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம், வடமேற்கே. பர்கண்டியின் பகுதிதான், ஆனால் தனித்தீவு. மண்ணில் விரல்நகம் அளவு சிப்பி, காற்புள்ளி வடிவில். ஏறத்தாழ 15 கோடி ஆண்டுக் கடலடி. இங்கே ஏழு கிரான் க்ரூ வயல்களும் செரான் ஆற்றின் வலக்கரையில் ஒரே மேட்டில். கைப்பிடிக் கல்லை எடுத்து உடைத்துப் பாருங்கள், சிப்பி தெரியும்.

இங்கே பயம் ஏப்ரல் பனி. துளிர் விரிந்த பின் மைனஸ் 2 டிகிரி வந்தால் ஆண்டு போச்சு. 2021-இல் அது நடந்தது. சிலர் ஹெக்டேருக்கு 300, 400 மெழுகு டின் எரிக்கிறார்கள். சிலர் தண்ணீர் தெளிக்கிறார்கள்: நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் துளிரைப் பூஜ்ஜியத்தில் பிடித்து வைக்கும். விடியும்வரை, பனி உருகும்வரை நிறுத்தக் கூடாது. நடுவில் மோட்டார் நின்றால், தெளிக்காதவனைவிட மோசமாகப் போகும்.

புட்டிகளைக் கொண்டுபோவது பற்றி. கைப்பையில் முடியாது. 24 சதவீதத்துக்குக் கீழே உள்ள மதுவை விமானச் சரக்குப் பெட்டியில் வைக்கலாம். இந்தியச் சுங்கத்தில் வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர். இரண்டு முழுப் புட்டியும் ஒரு அரைப் புட்டியும் சேர்ந்தால் 1.875. துணியில் சுற்றி, பெட்டியின் நடுவில், கழுத்து உள்பக்கம் பார்த்து. ஊர் போய்ச் சேர்ந்ததும் இரண்டு வாரம் படுத்துக் கிடக்கட்டும். பழையது என்றால் திறக்கும் முந்தைய நாள் நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் சேரும்.